வீடு காலியாகத்தான் இருக்கிறது



வீட்டிலிருந்தே வேலை பார்க்கும் தோழர்கள் இரண்டு பேர், "கடலோர ஊருக்குக் குடிபோகலாம் என்றிருக்கிறோம், புதுச்சேரி எப்படி?" என்று கேட்டார்கள். நான் நான்கு ஆண்டுகளாக அங்கிருந்துதான் வேலை பார்க்கிறேன்.

சுலபமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். நெட் பிரச்சினை இல்லை. உப்புக்காற்றில் எல்லாம் துருப்பிடிக்கும். வீட்டை மழைக்காலத்தில் போய்ப் பாருங்கள். 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது ஒரே நாளில் 45 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ரெயின்போ நகர் தெருக்களில் வெள்ளம். சித்திரை வெயிலில் பார்த்தால் அந்தத் தெருக்கள் அழகாகத்தான் இருக்கும்.

இனி மற்றது. பெரிய வாய்க்காலுக்குக் கிழக்கே வெள்ளையர், மேற்கே தமிழர் என்று பிரெஞ்சுக்காரன் ஊரைப் பிரித்தான். அந்தக் கிழக்குப் பகுதியை இன்றும் 'ஒயிட் டவுன்' என்று பெருமையாகச் சொல்லித்தான் அறை வாடகைக்கு விடுகிறார்கள். நமக்கு அங்கே கட்டுப்படியாகாது. மேற்கே தேடினேன். சம்பளச் சீட்டு, கம்பெனி அடையாள அட்டை எல்லாம் கையில். எந்த ஊர் என்பார்கள். ஊரில் எந்தத் தெரு என்பார்கள். அப்பா என்ன செய்கிறார், குலசாமி எது, கறி சமைப்பீர்களா? 'சாதி' என்ற சொல் மட்டும் யார் வாயிலும் வராது. மறுநாள் தரகர் போன் செய்வார்: "ஓனரோட தம்பி துபாய்ல இருந்து வர்றாராம் சார்." 'டு லெட்' பலகை அடுத்த மாதமும் அங்கேயே தொங்கும். இப்படி ஐந்து வீடு.

சாதிப் பெயர் சொல்லிப் பொதுவில் இழிவுபடுத்தினால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. துபாய்த் தம்பிமேல் என்ன வழக்குப் போடுவது? அரசியல் சட்டத்தின் 15(2) கடை, உணவகம், விடுதி, கிணறு, குளம் என்று சொல்கிறது. வாடகை வீடு அதில் இல்லை. ஒரே சமூகத்தாருக்கு மட்டும் என்று கூட்டுறவு வீட்டுவசதிச் சங்கம் விதி வைத்துக்கொள்ளலாம் என்று 2005இல் பார்சி சங்க வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது.

கூட வேலை பார்க்கும் நண்பர், நல்லவர்தான், "என் பேர்ல எடுத்துத் தரேன், யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க" என்றார். ஒரு வாரம் யோசித்தேன். சரி என்று சொல்லவும் இருந்தேன். அம்மாவிடம் சொன்னபோது ஒரே கேள்விதான் கேட்டார்: "அப்ப நாங்க வந்தா யாருன்னு சொல்லுவ?"

கொலம்பியாவில் படித்துவிட்டு பரோடாவுக்கு வேலைக்கு வந்த அண்ணல் அம்பேத்கர், தங்க இடமின்றிப் பார்சி விடுதியில் பார்சிப் பெயரில்தான் தங்கினார். கண்டுபிடித்ததும் தடிகளோடு வந்து வெளியேற்றினார்கள். அது 1917. எனக்குத் தடி வரவில்லை. மரியாதையாகப் போன்தான் வந்தது.

கடைசியில் மீனவர் குப்பம் ஒன்றில் மாடி வீடு கிடைத்தது. அந்த அக்கா நேராகவே கேட்டார்: "நீங்க என்ன ஆளுங்க தம்பி?" சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "வாடகைய அஞ்சாந்தேதிக்குள்ள குடுத்துடு" என்றார். இதை வைத்துக் குப்பத்தில் சாதி இல்லை என்று எழுதிவிடாதீர்கள். சுனாமிக்குப் பிறகு நாகப்பட்டினம் பக்கம் நிவாரணத்தில் தலித்துகள் ஒதுக்கப்பட்டதை மனித உரிமை அமைப்புகள் பதிவு செய்திருக்கின்றன.

ஆனால் அவர்கள் இழந்ததும் இருக்கிறது. 1980களின் இறுதியில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல் கொட்டியதில் வடக்கே போகும் மணல் தடைப்பட்டது. வைத்திக்குப்பம், சோலைநகர் என்று வரிசையாகக் கரை போயிற்று. படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் இருந்த இடம் அது. நமக்கு அது 'சீ வியூ'.

போன மாதம் என் வீட்டுக்குக் கீழே ஒரு குடும்பம் காலி செய்துவிட்டுப் போனது. வலை பின்னுகிறவர்கள். வாடகை ஏறியதுதான் காரணம். நான் கொடுக்கும் வாடகையைப் பார்த்துத்தான் ஏற்றினார்கள் என்பதும் எனக்குத் தெரியும். அக்கா என்னிடம், "உங்க ஆபீஸ் பசங்க இருந்தா சொல்லு தம்பி, அவங்கன்னா கூட குடுப்பாங்க" என்கிறார்.

இங்கே கேட்ட இரண்டு தோழர்களுக்கும் ஐந்து வீட்டில் கதவு சாத்துவார்கள், தெரியும். இந்தக் கதவு திறந்திருக்கிறது. அக்காவுக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. என்ன சொல்லட்டும்?