அகிபா ரூபின்ஸ்டீன்: இரு போர்களுக்கு நடுவே



உலக வாகையர் யாரையாவது பற்றிப் பேசுவேன் என்றுதான் உங்களில் பலர் எதிர்பார்த்திருப்பீர்கள். நான் எடுத்துக்கொண்டவர் அந்தப் பட்டத்துக்காக ஓர் ஆட்டம்கூட ஆட வாய்க்காதவர். அகிபா ரூபின்ஸ்டீன் 1880-இல் ஸ்தாவிஸ்கி என்ற சிற்றூரில் பிறந்தார். அது இன்று போலந்தில் இருக்கிறது. அன்று ரஷ்யப் பேரரசுக்கு உட்பட்டிருந்தது. வீட்டார் அவரை யூதச் சமயக் கல்விக்கு அனுப்பினார்கள். பதின்வயதில்தான் சதுரங்கம் கைக்கு வந்தது. இன்று ஐந்து வயதில் பயிற்சி வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் இதைக் குறித்துக்கொள்ளலாம்.

அவரைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஒரே கதையைச் சொல்வார்கள். 1912-இல் சான் செபஸ்தியன், பீஷ்ட்யான், பிரெஸ்லாவ், வார்சா, வில்னா என ஐந்து போட்டிகளில் முதலிடம். உலக வாகையர் லாஸ்கருடன் மோதப் பேச்சு நடந்தது. 1914-இல் போர் வந்தது, எல்லாம் போயிற்று. பிறகு மனநோய், வறுமை, மௌனம். கேட்பவர் உச்சுக்கொட்டிவிட்டு எழுந்து போவார். எனக்கு இந்தக் கதையில் உடன்பாடில்லை. நடந்தவை நடந்தவைதான். ஆனால் மனிதருக்காக இரங்கிவிட்டு அவருடைய ஆட்டங்களைப் புரட்டாமல் இருக்க இது வழிசெய்துவிடுகிறது. போருக்குப் பின் அவர் இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் ஆடினார். இன்றைய பேச்சு அந்த ஆண்டுகளைப் பற்றியது.

1922-ஐ எடுத்துக்கொள்வோம். அந்த ஆண்டு லண்டன் போட்டிக்கு வந்திருந்த அப்போதைய உலக வாகையர் கபாப்ளாங்கா, உலகப் பட்டத்துக்கு அறைகூவ விரும்புவோருக்கான விதிகளை வகுத்தார். முன்னணி ஆட்டக்காரர்கள் ஒப்பமிட்டார்கள், ரூபின்ஸ்டீனும் ஒப்பமிட்டார். விதிகளில் முக்கியமானது பணம். பரிசுத்தொகையாகக் குறைந்தது 10,000 அமெரிக்க டாலரை அறைகூவுபவர் திரட்டிவர வேண்டும். அதே ஆண்டின் இறுதியில் வியன்னாவில் ரூபின்ஸ்டீன் 14 ஆட்டங்களில் 11½ புள்ளி எடுத்து முதலிடம் பெற்றார். இரண்டாவதாக வந்த தார்தகோவர் ஒன்றரைப் புள்ளி பின்னால் நின்றார். அங்கே ரூபின்ஸ்டீன் வீழ்த்தியவர்களில் அலெகைனும் ஒருவர். ஐந்தாண்டு கழித்து அர்ஜென்டினாவின் ஆதரவோடு கபாப்ளாங்காவைச் சந்தித்துப் பட்டத்தைப் பறித்தவர் அந்த அலெகைன்தான். ரூபின்ஸ்டீனுக்குப் பின்னால் எந்த அரசும் இல்லை, புரவலரும் இல்லை. பணக்காரர்களின் வீட்டு வாசலில் போய்ப் பேசக்கூடிய சுபாவமும் அவருக்கு வாய்க்கவில்லை. பட்டம் கைநழுவியதற்கு அவருடைய நரம்புத் தளர்ச்சியைக் காரணம் காட்டுவார்கள். நான் முதலில் அந்த 10,000 டாலரைக் காட்டுவேன்.

அவர் ஆட்டம் ஏறி இறங்கியது உண்மை. 1925-இல் பாடன்-பாடனில் அலெகைனுக்கு அடுத்த இடம், மரியன்பாடில் நிம்சோவிச்சோடு முதலிடம், அதே ஆண்டு மாஸ்கோவில் பட்டியலின் கீழ்ப்பாதி. ஒரே ஆண்டில் இப்படி. 1926 முதல் குடும்பத்தோடு பெல்ஜியத்தில் தங்கினார். ஆனால் 1927-இல் வூட்ஜ் நகரில் நடந்த போலந்து வாகையர் போட்டிக்குப் போய் வென்று வந்தார். இளமையில் அவர் ஆட்டம் கற்றுத் தேறிய ஊர் அது.

ஒரு வேடிக்கையையும் சொல்லிவிடுகிறேன். ‘ரூபின்ஸ்டீன் பொறி’ என்று திறப்பாட்டப் புத்தகங்களில் ஒன்று உண்டு. ராணித் தரப்புத் திறப்பில் கறுப்பு ஒரு சிப்பாயை அவசரமாகத் தள்ளினால், வெள்ளைக் குதிரை நடுச் சிப்பாயை வெட்டும். கறுப்பு திருப்பி வெட்டினால் வெள்ளை மந்திரி உள்ளே நுழைய, கறுப்பு ராணி தன் படைக்குள்ளேயே மூச்சுமுட்டி நிற்கும். இதை வைத்தவர் ரூபின்ஸ்டீன் என்றுதானே நினைப்பீர்கள்? விழுந்தவர் அவர். 1928-இல் பாட் கிஸ்ஸிங்கனில் எய்வேயிடம் ஒருமுறை, 1930-இல் சான் ரெமோவில் அலெகைனிடம் மறுமுறை. இரண்டு முறை விழுந்த பிறகும் சான் ரெமோவில் மூன்றாம் இடம் பிடித்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அந்த 1930-இல்தான் ஹாம்பர்க் ஒலிம்பியாட் நடந்தது. பதினெட்டு நாடுகள் கலந்துகொண்டன. போலந்து அணியில் ரூபின்ஸ்டீன், தார்தகோவர், பிஷெப்யூர்கா, மகார்ச்சிக், பாவுலின் ஃபிரிட்மன் ஆகிய ஐவர். முதல் பலகைக்காரர் குடியிருந்தது பெல்ஜியத்தில். இரண்டாம் பலகைக்காரர் தார்தகோவர் ரஷ்யாவில் பிறந்து, வியன்னாவில் சட்டம் படித்து, பாரிஸில் வாழ்ந்தவர். நாடாக மறுபிறவி எடுத்துப் பன்னிரண்டே ஆண்டான போலந்துக்கு இவர்கள் தங்கம் வாங்கித் தந்தார்கள். ஹங்கேரி இரண்டாவது, ஜெர்மனி மூன்றாவது. ரூபின்ஸ்டீன் 17 ஆட்டம் ஆடினார்: 13 வெற்றி, 4 டிரா. முதல் பலகை என்றால் ஒவ்வொரு நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரரும் எதிரே வந்து உட்காருவார் என்பதை நினைவில் வையுங்கள். அப்போது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கியிருந்தது.

ஐவரில் ஒருவரான தாவித் பிஷெப்யூர்காவைப் பற்றி இரண்டு வார்த்தை. வசதியான வீட்டுப் பிள்ளை. புதிர்களும் முடிவாட்டச் சித்திரங்களும் இயற்றியவர். 1926-இல் நடந்த முதல் போலந்து வாகையர் போட்டியில் வென்றவர். 1940 ஜனவரியில் வார்சாவில் ஆட்டக்காரர்கள் கூடிய காப்பிக்கடை ஒன்றில் கெஸ்டபோ அவரைப் பிடித்தது. அந்த ஆண்டே பால்மிரி காட்டில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஹாம்பர்க்குக்கு அடுத்த ஆண்டு, 1931-இல், பிராக் ஒலிம்பியாடில் போலந்துக்கு வெள்ளி. அங்கே இங்கிலாந்தின் முதல் பலகையில் அமர்ந்து ரூபின்ஸ்டீனைத் தோற்கடித்தவர் பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான். சர் உமர் ஹயாத் கானின் பணியாளாக லண்டன் போனவர், மேற்கத்திய விதிகளைப் பழகிச் சில ஆண்டுகளே ஆனவர். அந்த 1931-க்குப் பிறகு ரூபின்ஸ்டீன் போட்டிகளில் ஆடவில்லை. மனிதர்களைக் கண்டு அஞ்சும் நோய் முற்றியிருந்தது. காய் நகர்த்திவிட்டு மண்டபத்தின் ஒரு மூலைக்குப் போய் நின்றுகொள்வார். அந்நியரைக் கண்டால் சன்னல் வழியே குதித்து ஓடுவார் என்றெல்லாம் கதைகள் உலவுகின்றன. நோயாளி ஒருவரைக் காட்சிப்பொருளாக்கும் கதைகள் அவை; நான் அவற்றை விட்டுவிடுகிறேன்.

இனி ஆட்டத்துக்கு வருகிறேன். 1924-இல் இத்தாலியின் மெரான் நகரில் கறுப்புக் காய்களோடு குருன்ஃபெல்டை எதிர்த்து ஆடினார். அன்று ஆடப்பட்ட திறப்பில் கறுப்பின் தலைவலி, தன் சிப்பாய்களுக்குப் பின்னால் அடைபட்டுக் கிடக்கும் வெள்ளைக்கட்ட மந்திரி. வெள்ளை தன் மந்திரியை ஒருமுறை நகர்த்தும் வரை ரூபின்ஸ்டீன் பொறுத்திருந்தார். பிறகு சிப்பாயை வெட்டினார். திருப்பி வெட்ட அந்த மந்திரி இரண்டாம் முறை நகர வேண்டியதாயிற்று. உடனே பக்கத்துச் சிப்பாயைத் தள்ளி மந்திரியை மூன்றாம் முறையாக விரட்டினார். வெள்ளை இப்படி நேரத்தைத் தொலைக்க, கறுப்பு மந்திரிக்கு வெளியே வரப் பாதை கிடைத்தது. கறுப்பு வென்றது. அந்த வழிக்கு ‘மெரான்’ என்றே பெயர் நிலைத்தது.

2008-இல் பான் நகரில் நம் ஆனந்த் கிராம்னிக்கை எதிர்த்து உலகப் பட்டத்தைக் காத்தாரே, அப்போது கறுப்புக் காய்களோடு வென்ற மூன்றாம், ஐந்தாம் ஆட்டங்கள் இரண்டும் மெரான்தான். 2013 ஜனவரியில் வெய்க் ஆன் ஜீயில் அரோனியனை 23 நகர்த்தலில் அவர் முடித்ததும் மெரான். அதைப் பார்த்தவர்களுக்கு 1907-இல் ரோட்லெவிக்கு எதிராக ரூபின்ஸ்டீன் ராணியைத் தூக்கிக் கொடுத்து வென்ற ஆட்டம் நினைவுக்கு வந்தது.

ரூபின்ஸ்டீனின் ராணித் தியாகங்களைவிட எனக்குப் பிடித்தவை யானை முடிவாட்டங்கள். 1929 கார்ல்ஸ்பாடில் லாட்வியாவின் மத்தீசனோடு ஆடியதைப் பாருங்கள். மத்தீசன் முடிவாட்டச் சித்திரங்கள் இயற்றிப் பேர்பெற்றவர். அவருக்கு அந்தத் துறையைக் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. ராணிகள் போய், குதிரைகளும் மந்திரிகளும் போய், யானைகளும் சிப்பாய்களும் எஞ்சிய நிலை. நம்மில் பலர் டிரா என்று கைகுலுக்கி எழுந்திருப்போம். ரூபின்ஸ்டீன் எழவில்லை. எதிராளியின் யானையைக் காவலுக்குக் கட்டிப்போட்டார், ராஜாவை நடத்தி வந்தார், அவசரமில்லாமல் ஒவ்வொரு கட்டமாகப் பிடித்தார். நல்ல தச்சர் இழைப்புளி தள்ளுவதுபோல் ஒவ்வொரு முறையும் மெல்லிய சுருள்தான் உதிர்ந்தது. எந்த நகர்த்தலில் மத்தீசன் தோற்றார் என்று விரல் வைத்துக் காட்ட என்னால் இன்றுவரை முடியவில்லை.

1950-இல் உலகச் சதுரங்கக் கூட்டமைப்பு முதன்முதலாகக் கிராண்ட்மாஸ்டர் பட்டம் வழங்கிய 27 பேரில் ரூபின்ஸ்டீனும் இருந்தார். போட்டிப் பலகையை விட்டு விலகி அப்போது பத்தொன்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. 1961 மார்ச்சில் ஆன்ட்வெர்ப்பில் இறந்தார். 1963 முதல் போலந்தின் பொலனிட்சா-ஸ்துரூய் ஊரில் அவர் பெயரால் நினைவுப் போட்டி நடந்துவருகிறது.

பக்கத்து அறையில் மத்தீசன் ஆட்டத்தின் யானை முடிவாட்ட நிலையைப் பலகையில் அடுக்கி வைத்திருக்கிறார்கள். இளைஞர்கள் இருவர் இருவராக உட்கார்ந்து, வெள்ளையை டிராவுக்குக் கொண்டுபோக முடிகிறதா என்று பாருங்கள். கணினியைத் திறக்க வேண்டாம். தேநீர் வருவதற்கு இன்னும் அரைமணி நேரம் இருக்கிறது.