பட்டமும் டிப்ளோமாவும்
(நமது சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பத்தாம் வகுப்புத் தேறிய மக்களை எவ்வழியிற் செலுத்துவது என்பதே இன்று நம் குடும்பங்களில் எழும் வினா. பாலிடெக்னிக் என்றவுடனே, மார்க் இல்லாதவன் சேருமிடம் என்று முகஞ் சுளிக்கின்றோம். அஃது அறியாமையாம்.

கணக்கிட்டுப் பார்ப்போம். மேனிலைப் பள்ளியில் 2 ஆண்டு, பொறியியற் கல்லூரியில் 4 ஆண்டு. ஆக 6 ஆண்டில் பி.இ. பட்டம். டிப்ளோமாவோ 3 ஆண்டு, தேறியவன் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரே சேரலாமாதலின் மேலும் 3 ஆண்டு. இதுவும் 6 ஆண்டே. வேற்றுமை யாதெனில், முன்னவன் இடையில் நின்றால் கையில் தொழிலில்லை. பின்னவனுக்கு மூன்றாம் ஆண்டிறுதியிலேயே டிப்ளோமா உண்டு. ரயில்வே ஜூனியர் இஞ்சினியர் தேர்வுக்கு அதுவே போதும்.

ஆயினும் ஒருபக்கமே பேசுதல் தகாது. குரூப் 1 தேர்வுக்கும் பட்டமேற்படிப்புக்கும் பட்டம் வேண்டும். டிப்ளோமாவோடு நின்றவனுக்கு அக்கதவுகள் திறவா.

யாமே ஒரு பிழை செய்தோம். கைத்தொழிலில் விருப்பமுடைய எம் மாணாக்கனொருவனைப் பட்டமே கதியென்று தள்ளினோம். தந்தையார் நிலத்தை விற்றார். பையன் இரண்டாம் ஆண்டிற் படிப்பை விட்டான். அந்நிலம் மீளவில்லை.

ஆதலின் அன்பர்காள், மார்க்கை மட்டும் பாராது பிள்ளைகளின் மனத்தையும் கையையும் நோக்குமின். இதுகாறும் பட்டப் படிப்பினர்க்கே அளித்துவரும் நம் சங்க உபகாரச் சம்பளத்தை டிப்ளோமா மாணாக்கர்க்கும் ஒப்ப அளிக்க வேண்டுமென்பது எம் விண்ணப்பம்.