பழைய வண்டியும் பிரேக் குழாயும்



கினிகத்தேனையிலிருந்து கித்துல்கலை வழியாக எங்கள் யட்டியாந்தோட்டைக்கு இறங்கும் வீதியை அறிந்தோர், மோட்டார் வண்டிக்கு ஓடும் திறனைவிட நிற்கும் திறனே பெரிதென்பதை ஒப்புவர்.

பழைய மொரிஸ் மைனரைப் புதுப்பிக்கும் அன்பர் பலர், வண்ணம் பூசுவதிற் காட்டும் அக்கறையை அடியில் ஓடும் பிரேக் குழாய்களிற் காட்டுவதில்லை. அவ்வண்டியின் நான்கு சக்கரங்களுக்கும் திரவம் செல்லும் வழி ஒன்றே. ஓரிடத்தில் ஒழுகினால் நான்கும் கைவிடும். எஞ்சுவது கைப்பிரேக் மட்டுமே. ஆதலின் துருவேறிய ஒரு துண்டை மாற்றுவது போதாது. உருக்குக் குழாய்கள் அனைத்தையும், வளையும் இறப்பர் குழாய்கள் மூன்றையும் ஒருங்கே மாற்றுதல் வேண்டும். செம்பும் நிக்கலும் கலந்த குழாய் துருப்பிடிப்பதில்லை.

இனி, 'பிரேக் ஒயில்' என நாம் வழங்குவது எண்ணெய் அன்று. கிளைக்கோல் சார்ந்த திரவம். அதில் எஞ்சின் ஒயில் கலந்தால் உள்ளிருக்கும் இறப்பர் வளையங்கள் வீங்கிக் கெடும். இத்திரவம் காற்றின் ஈரத்தை ஈர்க்கும் இயல்புடையது. டொட் 4 வகை, புதிதாயின் 230 பாகை செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறினாலோ 155 பாகை அளவிலேயே கொதித்தல் கூடும். நெடிய இறக்கத்தில் அது ஆவியானால், மிதித்த மிதி வெறுமனே அமிழும். மழை மிகுந்த நம் பகுதியில் இரண்டாண்டுக்கொருமுறை, முத்திரை உடையாத டின்னிலிருந்து புதுத் திரவம் வார்ப்பது நலம். சிலிக்கன் வகையாகிய டொட் 5-ஐ இதனோடு கலத்தல் ஆகாது.

இறக்கத்தின் அடியிலே பாடசாலைப் பிள்ளைகள் வீதியைக் கடக்கின்றனர். அவர்கள் பொருட்டேனும் இச்செலவைச் சுருக்காதிருப்போமாக.