இடத்தைச் சொல்லும் வானொலி



கோல சிலாங்கூர் மெலாவத்திக் குன்றின் மேலுள்ள கலங்கரை விளக்கம் 1907-இல் கட்டப்பட்டது. அதன் ஒளியைக் கண்டு கப்பலோட்டி தன் இடத்தை அறிகிறான். ஆனால் எந்தக் கப்பல் தன்னைக் கண்டது என்பது விளக்குக்குத் தெரியாது.

ஜி.பி.எஸ். துணைக்கோள்களும் அப்படியே. அவை ஏறத்தாழ 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றியபடி, தாங்கள் இருக்கும் இடத்தையும் நேரத்தையும் ஓயாமல் அறிவிக்கின்றன. குறைந்தது நான்கின் அறிவிப்பைக் கேட்டு, ஒவ்வொன்றும் வந்து சேர எடுத்த நேரத்தைக் கொண்டு, நம் கையிலுள்ள கருவிதான் கணக்குப் போடுகிறது. வானத்திலிருந்து நம்மை யாரோ பார்த்துக்கொண்டிருப்பதாகப் பலர் நம்புகிறார்கள். அது தவறு. செம்பனை நிரைக்குள் பாம்பு கடித்து விழுந்தவர் எங்கிருக்கிறார் என்பதை அவரது கருவி அறியும். லயத்திலுள்ள மனைவி அறியமாட்டாள். யாராவது சொல்லியாக வேண்டும்.

அந்தச் சொல்லும் வேலையை அமெச்சூர் வானொலி செய்யும். அமெரிக்கக் கடற்படைக் கழகத்தில் பணியாற்றிய பாப் புரூனிங்கா உருவாக்கிய இம்முறைக்கு ஏ.பி.ஆர்.எஸ். என்று பெயர். ஜி.பி.எஸ். கருவியை வானொலியோடு இணைத்தால், அழைப்புக் குறியும் இருப்பிடமும் தவளை கத்தினாற்போன்ற சிறு ஒலியாகக் கிளம்பும். உயரமான இடத்திலுள்ள நிலையம் அதை வாங்கி மறுபடி ஒலிபரப்பும். தொலைவிலுள்ள வரைபடத்தில் புள்ளி தோன்றும். தொலைபேசிக் கோபுரம் தேவையில்லை. ஆனால் இந்த அலை பெரும்பாலும் நேர்கோட்டில் செல்வது. தஞ்சோங் காராங் போன்ற சமவெளியில் ஏரியலின் உயரமே பெரிது.

விரும்பியவரெல்லாம் இதை ஒலிபரப்ப முடியாது. தேர்வு எழுதித் தொடர்பு, பல்லூடக ஆணையத்திடம் அனுமதி பெறவேண்டும். தீபகற்பத்தில் 9எம்2, 9டபிள்யூ2 என்று தொடங்கும் குறிகள் அப்படிக் கிடைத்தவை. படிக்கும் பிள்ளைகளுக்கு நல்ல முயற்சி, பெற்றோர் தடுக்கவேண்டாம்.

அனுமதி இல்லாதவருக்கும் ஒரு வழி உண்டு. கைப்பேசியில் தொடர்பு கிடைக்காவிட்டாலும் அதிலுள்ள ஜி.பி.எஸ். வேலை செய்யும். மெலாவத்திக் குன்றுக்கு 3.34 வடக்கு, 101.25 கிழக்கு என்பதுபோல நாம் நிற்கும் இடத்துக்கும் எண்கள் உண்டு. புள்ளிக்குப் பின் நான்கு இலக்கம் வேண்டும். நான்காவது இலக்கம் ஏறத்தாழ 11 மீட்டரைக் குறிக்கும். செம்பனைகளை நடும் இடைவெளி சுமார் 9 மீட்டர். மூன்றோடு நிறுத்தினால் பத்துப் பன்னிரண்டு மரத் தொலைவு வரை தேடவேண்டியிருக்கும். மட்டைகள் அடர்ந்த இடத்தில் கணக்குச் சற்றுப் பிசகும். வானம் தெரியும் இடைவெளியில் நின்று பாருங்கள். எண்களைத் தாளில் எழுதி, அடிபட்டவருக்குத் துணையாக ஒருவரை இருத்திவிட்டு, தொடர்பு கிடைக்கும் மேட்டுக்கு வந்து 999-ஐ அழையுங்கள். வடக்கு எண்ணை முதலில், கிழக்கு எண்ணை அடுத்து, ஒவ்வோர் இலக்கமாக நிறுத்திச் சொல்லி, திருப்பிச் சொல்லக் கேளுங்கள்.