தொழில் தேடும் இளைஞனும் தன்னைப் பற்றிய உண்மையும்

 

 

கல்வியை முடித்துவிட்டுத் தொழில் தேடி அலையும் வாலிபர்கள் மார்க்கம் கற்றவர்களிடம் அடிக்கடி வினவும் ஒரு விடயத்தை இன்றைய உரைக்கு எடுத்துக்கொள்கின்றேன். நேர்முகப் பரீட்சைக்குச் சென்று அமர்ந்ததும், “உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்” என்பதே அநேகமாக முதலாவது கேள்வியாக இருக்கின்றது. அந்த இடத்தில் எமது பிள்ளைகளில் பலர் தலையைக் குனிந்துகொள்கின்றார்கள். எனது திறமையை எனது வாயாலேயே சொன்னால் அது பெருமையாகிவிடாதா, தற்புகழ்ச்சியை மார்க்கம் தடுக்கவில்லையா என்பது அவர்களது ஐயம்.

இந்த ஐயத்தை அற்பமானதென்று ஒதுக்கிவிட முடியாது. உங்களை நீங்களே பரிசுத்தப்படுத்திக் கூறவேண்டாம் என்ற கருத்தில் ஸூரா அந்நஜ்மின் 32ஆவது வசனம் எச்சரிக்கின்றது. நபி (ஸல்) அவர்கள் அப்துர் ரஹ்மான் இப்னு ஸமுரா (ரழி) அவர்களுக்குப் பதவியைக் கேட்டுப் பெறவேண்டாம் என்று உபதேசித்த செய்தி புகாரி, முஸ்லிம் ஆகிய இரு கிரந்தங்களிலும் பதிவாகியுள்ளது. இவற்றைச் செவியுற்று வளர்ந்த ஒரு பிள்ளை, “கணக்கு வேலையில் நான் கெட்டிக்காரன்” என்று சொல்லத் தயங்குவது இயல்பே.

ஆனால், அதே அல்குர்ஆனில் யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாறும் இருக்கின்றது. எகிப்தின் அரசனிடம், நாட்டின் களஞ்சியங்களுக்குத் தம்மைப் பொறுப்பாளராக்குமாறு அவர்களே கேட்டார்கள். கேட்டதோடு நில்லாமல், தாம் பாதுகாப்பவர், விடயம் அறிந்தவர் என்று தமது தகைமையையும் கூறினார்கள். இது ஸூரா யூஸுஃபின் 55ஆவது வசனத்தில் வருகின்றது. இமாம் குர்துபீ (ரஹ்) அவர்கள் தமது தப்ஸீரில் இவ்விடத்தை விளக்கும்போது, ஒரு பணிக்குத் தகுதியுடையவர் அதனைக் கேட்பதற்கும், தேவை ஏற்படும்போது தம்மிடமுள்ள அறிவையும் சிறப்பையும் எடுத்துரைப்பதற்கும் இதில் ஆதாரம் இருக்கின்றது என்கின்றார்கள்.

அவர்கள் குறிப்பிடும் இன்னொரு நுட்பமும் எமக்கு மிகவும் தேவையானது. யூஸுஃப் (அலை) அவர்கள் நபிமார்களின் பரம்பரையில் வந்தவர்கள். அழகிலும் இணையற்றவர்கள். ஆயினும், களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது வம்சத்தையும் சொல்லவில்லை, அழகையும் சொல்லவில்லை. அந்த வேலைக்கு எவை தேவையோ அந்த இரண்டை மாத்திரமே சொன்னார்கள். களஞ்சியத்திற்குக் காவலும் வேண்டும், கணக்கும் வேண்டும். அவ்வளவுதான்.

இப்பொழுது எமது பிள்ளைகள் எழுதும் சுயவிபரக் கோவைகளைப் பாருங்கள். தகப்பனின் தொழில், ஊர், பாடசாலையில் பெற்ற ஓட்டப்போட்டிச் சான்றிதழ், பொழுதுபோக்கு கிரிக்கெட், எல்லாமே இருக்கும். விண்ணப்பிக்கும் வேலையை இவரால் செய்ய முடியும் என்பதற்கான ஒரு வரியைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கும். பத்து நிறுவனங்களுக்கும் ஒரே தாளைப் பிரதி எடுத்து அனுப்பிவிட்டு, பதில் வரவில்லையே என்று கவலைப்படுகின்றார்கள். களஞ்சியத்திற்கு ஆள் தேடுபவரிடம் களஞ்சியத்தைப் பற்றியல்லவா பேசவேண்டும்?

யூஸுஃப் (அலை) அவர்கள் வெறும் வார்த்தையோடு அரசனின் முன்னால் நின்றவர்களும் அல்லர். அதற்கு முன்பே, சிறையில் இருந்தவாறு அரசனின் கனவுக்கு விளக்கம் கொடுத்திருந்தார்கள். ஏழு வருடங்கள் தொடர்ந்து பயிரிடுங்கள், அறுவடை செய்வதில் உண்பதற்கான சிறிதளவைத் தவிர மற்றதைக் கதிரிலேயே விட்டுவையுங்கள் என்று செயற்திட்டத்தையும் சேர்த்தே சொன்னார்கள். தானியம் கதிரோடு இருந்தால் வண்டு அரிக்காமல் நீண்ட காலம் நிற்கும் என்று தப்ஸீர் ஆசிரியர்கள் இதற்கு விளக்கம் எழுதியுள்ளார்கள். அதாவது, ‘நான் அறிந்தவன்’ என்ற சொல்லுக்கு முன்னரேயே அந்த அறிவின் மாதிரி அரசனின் கையில் இருந்தது. அரசன் அழைத்ததும் ஓடிவிடாமல், தம்மீது சுமத்தப்பட்ட பழி விசாரிக்கப்பட வேண்டும் என்று கேட்டுத் தமது பெயரையும் துலக்கிக்கொண்டார்கள்.

ஆகவே, “நான் கடின உழைப்பாளி, நேர்மையானவன்” என்று எவரும் சொல்லக்கூடிய வசனங்களைச் சொல்லிப் பயனில்லை. செய்த ஒன்றைச் சொல்லுங்கள். வாப்பாவின் ஹாட்வெயார் கடையில் நான்கு வருடங்கள் நின்ற ஒரு வாலிபரை எண்ணிப் பாருங்கள். சுயவிபரக் கோவையில் ‘அனுபவம்: இல்லை’ என்று எழுதியிருக்கின்றார். சொந்தக் கடைதானே, அதை எப்படி அனுபவம் என்பது என்று கேட்கின்றார். உண்மையில் மாத முடிவில் இருப்பைக் கணக்கெடுத்தவர் அவர். கொழும்பிலுள்ள மொத்த வியாபாரிகளிடம் விலை பேசிச் சரக்கு எடுத்தவர் அவர். கடன்காரர்களின் கொப்பியைக் கவனித்தவரும் அவரே. அதை எழுதினால் பெருமையா? எழுதாமல் விடுவதுதான் அல்லாஹ் கொடுத்த நிஃமத்தை மறைப்பதாகும்.

கையில் தொழில் இருந்தும் தாளில் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு எமது நாட்டில் ஒரு வழி உண்டு. என்.வி.கியூ. எனப்படும் தேசிய தொழிற் தகைமை ஏழு மட்டங்களைக் கொண்டது. மின்னிணைப்பு, தச்சு, வாகனத் திருத்தம் போன்ற தொழில்களை வகுப்பறைக்குச் செல்லாமல் அனுபவத்தினாலேயே கற்றவர்களையும் பரிசோதித்து இத்தகைமையை வழங்கும் முறை அதில் இருக்கின்றது. தொழிற்பயிற்சி அதிகாரசபையின் நிலையமொன்றில் விசாரித்தால் விபரம் கிடைக்கும். இது தெரியாமல் இருபது வருடம் ‘பாஸ்’ என்று அழைக்கப்பட்டும் ஒரு சான்றிதழ்கூட இல்லாதவர்கள் எமது ஊர்களில் நிறையவே இருக்கின்றார்கள்.

அரபுக் கல்லூரியில் ஏழெட்டு வருடங்கள் ஓதி முடித்து வெளியேறும் மௌலவிமார்களுக்கும் ஒரு வார்த்தை. பள்ளிவாசலுக்கு வெளியே விண்ணப்பிக்கும்போது, அந்த ஆண்டுகளை ஒரு வெற்றிடம்போல் மறைக்கவேண்டாம். அரபு மொழியில் வாசிக்கவும் எழுதவும் முடியும், ஒரு சபையின் முன்னால் நின்று பேச முடியும், சுபஹுக்கு முன் எழுந்து நேரந்தவறாமல் இயங்கப் பழகியிருக்கின்றேன் என்று கூறலாம். இவை எந்த நிர்வாகிக்கும் பெறுமதியானவை.

இனி மறுபக்கம். கூச்சத்தினால் உள்ளதை மறைப்பவர் ஒரு கூட்டம் என்றால், துணிந்து இல்லாததை எழுதுபவர் இன்னொரு கூட்டம். இரண்டாவது எனக்குக் கூடுதல் கவலையைத் தருகின்றது. நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழை பட்ட தானியம் என்று வியாபாரி சொன்னபோது, மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்கக்கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவரல்லர் என்று அறிவித்தார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் உள்ள செய்தி இது. சுயவிபரக் கோவையும் ஒரு குவியல்தான். மேலே காய்ந்ததைப் பரப்பி உள்ளே ஈரத்தை வைத்தால், நிர்வாகி எப்போதோ ஒருநாள் கையை உள்ளே விடத்தான் போகின்றார்.

வேலையே செய்யாத இடத்தில் சேவைச் சான்றிதழ் வாங்குவது, மூன்று மாதத்தை மூன்று வருடமாக்குவது, நண்பனின் தொலைபேசி இலக்கத்தை முன்னாள் முகாமையாளருடையதென்று கொடுப்பது ஆகியவற்றை ‘இந்தக் காலத்தில் எல்லோரும் செய்வதுதானே’ என்று பேசுகின்றார்கள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது இந்நாட்டிலிருந்து மூன்று இலட்சத்துக்கும் அதிகமானோர் வெளிநாட்டு வேலைக்காகப் புறப்பட்டார்கள். அப்படிப் போகும் ஒருவர் கனரக வாகனச் சாரதி என்று பொய்க் கடிதத்தோடு போனால், அங்கே கடிதத்தைப் பார்க்கமாட்டார்கள். சாவியைக் கையில் கொடுப்பார்கள். உம்மாவின் நகையை அடகுவைத்துப் போனவர் திரும்பிவந்தால் அந்த நகையை மீட்பது யார்? அதைவிடப் பெரியது, தெரியாத வாகனத்தின் முன்னால் வரும் மனிதனின் உயிர். கடிதத்தை ‘ஏற்பாடு’ செய்து தருவதாகக் கூறும் முகவரை நம்புவதற்கு முன், அவரிடம் வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தின் அனுமதிப்பத்திரம் இருக்கின்றதா என்று பாருங்கள்.

குறையொன்றைக் கேட்டால் நேராகச் சொல்லுங்கள். “உயர்தரத்தில் சித்தியடையவில்லை. அதன் பிறகு கணினிப் பயிற்சி முடித்தேன். இப்போது இவ்வளவு தெரியும், இது தெரியாது, கற்றுக்கொள்வேன்” என்று சொல்லும் பிள்ளையை வேலை கொடுப்பவர் எளிதில் மறக்கமாட்டார்.

பெற்றோர்களே! இங்கே உங்களுக்கும் பங்கு உண்டு. பிள்ளைக்கு வேலை என்றதும் அரசியல்வாதியின் கடிதத்தைத் தேடி ஓடுகின்றோம். அந்தக் கடிதத்தினால் இன்னொரு தகுதியான பிள்ளையின் இடம் பறிபோனால் அதற்கும் நாளை கேள்வி இருக்கின்றது. வேறு சிலர் நேர்முகப் பரீட்சைக்கே கூடச் சென்று, பிள்ளையிடம் கேட்டதற்குத் தாமே பதில் சொல்கின்றார்கள். வாசலிலே துஆச் செய்துகொண்டு இருங்கள். உள்ளே பிள்ளை பேசட்டும். வீட்டில் வாப்பா நிர்வாகியாக அமர்ந்து இரண்டு மூன்று தடவை கேள்வி கேட்டுப் பழக்கினால், எந்தக் கடிதத்தையும்விட அது பயன்தரும். பெண் பிள்ளைகளுக்கு இந்தப் பழக்கம் இன்னும் அவசியம். அவர்களில் பலர் அந்நிய சபையில் பேசும் முதல் சந்தர்ப்பமே அதுவாக இருக்கின்றது.

2019 ஏப்ரலுக்குப் பின்னர், பெயரைப் பார்த்தே விண்ணப்பத்தை ஒதுக்கிவிடுவார்களோ என்ற அச்சம் எமது இளைஞர்களிடம் இருக்கின்றது. அது முற்றிலும் ஆதாரமற்ற அச்சம் என்று நான் கூறமாட்டேன். ஆனால், அதற்காகப் பெயரைச் சுருக்குவதோ, ஹிஜாப் அணியாத பழைய படத்தை ஒட்டுவதோ தீர்வாகாது; முதல் நாள் வேலைக்குப் போகும்போது உண்மை முன்னால் வந்து நிற்கும். ஜும்ஆவுக்கான நேரத்தை, வேலை தருவதாக அவர்கள் சொன்ன பிறகு, எவ்வளவு நேரம் தேவை, அதை எப்போது ஈடுசெய்வேன் என்பதோடு சேர்த்து மரியாதையாகக் கேளுங்கள். மாற்றுமத நிர்வாகிகளிலும் நியாயமாகக் கேட்டதை ஏற்பவர்கள் ஏராளம்.

கடைசியாக, சம்பளத்தைப் பற்றிக் கேட்பது வெட்கக்கேடு என்று எண்ணி, கொடுத்ததை வாங்குவோம் என்று திரும்பிவருபவர்களுக்காக மூஸா (அலை) அவர்களின் வரலாற்றை நினைவுபடுத்துகின்றேன். மத்யனில் இரண்டு பெண்களின் ஆடுகளுக்கு நீர் புகட்டிக் கொடுத்தார்கள், கூலி பேசவில்லை. அந்தச் செயலைக் கண்ட பெண்களில் ஒருவரே, கூலிக்கு அமர்த்துவதற்குச் சிறந்தவர் வலிமையும் நம்பிக்கையும் உள்ளவர் என்று தந்தையிடம் பரிந்துரைத்தார். ஆனால் ஒப்பந்தம் என்று வந்தபோது எதுவும் மறைவாக இருக்கவில்லை. எட்டு வருடம் கட்டாயம், பத்தாக்குவது அவர்களது விருப்பம் என்று தவணை தெளிவாகப் பேசப்பட்டது, இரண்டில் எதை நிறைவேற்றினாலும் தம்மீது அத்துமீறல் கூடாது என்று மூஸா (அலை) அவர்களும் சொன்னார்கள், அல்லாஹ்வையும் சாட்சியாக்கினார்கள். ஸூரா அல்கஸஸ் 26 முதல் 28 வரையான வசனங்களை வீட்டில் பிள்ளைகளோடு அமர்ந்து ஓதிப் பாருங்கள்.

எனவே, தெரிவுசெய்து விட்டோம் என்று அவர்கள் சொன்னதும், அடிப்படைச் சம்பளம் எவ்வளவு, தகுதிகாண் காலம் எத்தனை மாதம், வேலை நேரம் என்ன, ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் பங்கான நூற்றுக்கு 8உம் நிறுவனத்தின் பங்கான நூற்றுக்கு 12உம் கட்டப்படுமா என்று அமைதியாகக் கேளுங்கள். கேட்ட பதில்கள் நியமனக் கடிதத்தில் எழுதப்பட்டிருக்கின்றனவா என்று வாசித்துப் பார்த்த பின்னரே கையொப்பமிடுங்கள்.