வாய்க் கணக்கும் நோட்டுக் கணக்கும்

(புதுவயலில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நம்ம கூட்டமைப்புல கணக்கு எழுதுறவ நான். யாரு எவ்வளவு சேமிச்சிருக்கா, உள்கடன்ல எத்தனை தவணை பாக்கின்னு கேட்டா நோட்டைப் பார்க்காமலே சொல்லுவேன். ஆனா 2022-ல "உங்க குடும்பத்துக்கு வருஷ வருமானம் எவ்வளவும்மா?"ன்னு ஒருத்தர் கேட்டப்ப, நான் சொன்ன பதில் தப்பாப் போச்சு. அதைப் பத்தித்தான் இன்னிக்குப் பேசப் போறேன்.

முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் உங்களுக்குத் தெரியும். 2009-ல வந்த கலைஞர் காப்பீட்டுத் திட்டத்துக்குப் பிறகு, 2012 ஜனவரியில இந்தப் பேர்ல வந்தது. 2018-ல மத்திய அரசோட ஆயுஷ்மான் பாரத் திட்டமும் இதோட சேர்ந்தது. பிரீமியத்தை அரசே கட்டுது, நாம ஒரு பைசா கட்ட வேண்டாம். திட்டத்துல சேர்ந்த ஆஸ்பத்திரிகள்ல, பட்டியல்ல உள்ள சிகிச்சைகளுக்கு, ஒரு குடும்பத்துக்கு வருஷத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரைக்கும் உண்டு. குடும்பத்தோட ஆண்டு வருமானம் 72,000 ரூபாய்க்குள்ள இருக்கணும்னு முன்னாடி இருந்தது. 2022-லேர்ந்து அது 1,20,000 ரூபாய். மாசக் கணக்குல 10,000 ரூபாய்.

மாசச் சம்பளக்காரங்களுக்கு இது சுலபம். நமக்கு? நான் மில்லுக் களத்துல நெல் காய வைக்கிறவ. என் வீட்டுக்காரர் பெயிண்ட் அடிக்கிறவர். வெயில் அடிச்சா எனக்குக் கூலி. யாராவது கல்யாணத்துக்கோ பொங்கலுக்கோ வீட்டுக்கு வெள்ளையடிச்சா அவருக்குக் கூலி. அன்னிக்கு வருமானச் சான்றுக்கு விசாரிக்கிறப்ப வாசல்ல நாலு பேர் நின்னாங்க. பொண்ணுக்கு மாப்பிள்ளை பார்த்துக்கிட்டிருந்த நேரம். குறைச்சுச் சொல்ல வாய் வரலை. "ரெண்டு பேருக்கும் சேர்த்து மாசம் இருபத்தஞ்சாயிரத்துக்குக் குறையாது"ன்னுட்டேன். வருஷத்துக்கு 3 லட்சம்னு சான்று வந்தது. எழுதினவங்க மேல குத்தமில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினாங்க. காப்பீட்டு அட்டை கிடைக்காதுன்னு விட்டுட்டேன்.

எட்டு மாசம் கழிச்சு ஒரு ராத்திரி அவருக்கு நெஞ்சு வலி. பதட்டத்துல பக்கத்துல இருந்த தனியார் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போனோம். முதல்ல கேட்டதே "காப்பீட்டு அட்டை இருக்கா?"ன்னுதான். இல்லை. என் ரெண்டு வளையலும் அடகுக் கடைக்குப் போச்சு. மிச்சத்துக்கு நீங்கதான் உள்கடன் கொடுத்தீங்க. ஆள் பிழைச்சு, இதோ பின்வரிசையில உட்கார்ந்திருக்காரு.

அப்புறம்தான் ஒரு நோட்டை எடுத்து உட்கார்ந்தேன். எனக்கு நாள் கூலி 300. தையிலேர்ந்து ஆனி வரைக்கும் 6 மாசம், மாசத்துக்கு 20 நாள்னா 120 நாள். ஆடி, ஆவணி, புரட்டாசியில மாசத்துக்கு 12 நாள்னா 36. ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழையில களம் காயாது. மாசத்துக்கு 4 நாள் கிடைச்சா பெரிசு, அது 12. ஆக 168 நாள், 50,400 ரூபாய். அவருக்கு நாள் கூலி 600. வேலை கிடைச்சது 100 நாள், 60,000 ரூபாய். ரெண்டும் சேர்த்து 1,10,400. வாய்க் கணக்குல 3 லட்சம், நோட்டுக் கணக்குல 1 லட்சத்துப் பத்தாயிரம்! வேலை கிடைச்ச நாளோட கூலியை நான் வருஷம் பூராவுக்கும் போட்டுட்டேன். சும்மா இருந்த நாளை எண்ணவே இல்லை.

அதனால நாலு விஷயம் மனசுல வைங்க.

ஒண்ணு, நாள் கூலியை 30 ஆல, 12 ஆல பெருக்காதீங்க. வேலை பார்த்த நாளை மட்டும் எண்ணுங்க.

ரெண்டு, விற்பனை வேற, வருமானம் வேற. 800 ரூபாய்க்குத் தேன்குழலும் சீப்புச்சீடையும் வித்துட்டு, மாவு, எண்ணெய், கேஸ் செலவு போகக் கையில 250 நின்னா, அந்த 250-தான் வருமானம்.

மூணு, குழுக் கடன் வருமானம் இல்லை. பாஸ்புக்குல 50,000 ஏறியிருக்கேன்னு பயந்து கணக்குல சேர்க்காதீங்க. அது நாம திருப்பிக் கட்டுற பணம்.

நாலு, குறைச்சும் சொல்லாதீங்க. மகளிர் உரிமைத் தொகைக்கு வருமான வரம்பு இரண்டரை லட்சம், இதுக்கு 1,20,000. அங்க ஒரு கணக்கு, இங்க ஒரு கணக்குன்னு சொன்னா நாளைக்கு நாமதான் பதில் சொல்லணும். சிங்கப்பூர்ல இருக்கிற மகன் மாசாமாசம் அனுப்புற பணத்தை மறைக்கிறதும் பொய்தான். வரம்பைத் தாண்டுற வீட்டுக்குக் காரைக்குடி அரசு ஆஸ்பத்திரி இருக்கு, சிவகங்கை மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி இருக்கு. கௌரவத்துக்குக் கூட்டவும் வேண்டாம், ஆசைக்குக் குறைக்கவும் வேண்டாம்.

நோட்டுல கணக்குப் போட்டதும், இ-சேவை மையத்துல வருமானச் சான்றுக்கு மனு கொடுங்க. விசாரணைக்குக் கூப்பிட்டா நோட்டையும் கொண்டு போங்க. சான்று வந்ததும் குடும்ப அட்டை, ஆதாரோட சிவகங்கை ஆட்சியர் அலுவலகத்துல இருக்கிற காப்பீட்டுப் பதிவு மையத்துக்குப் போகணும். ஒரு நாள் கூலி போகும், போகட்டும். கிளம்புறதுக்கு முன்னாடி மாமனார் மாமியார் பேர் உங்க குடும்ப அட்டையில இருக்கான்னு பாருங்க. இல்லைன்னா அவங்களுக்கு இந்தக் காப்பீடு கிடைக்காது. சந்தேகம்னா 1800 425 3993, கட்டணமில்லா எண்.

நான் மறுபடி மனு கொடுத்து அட்டை வாங்கிட்டேன். வளையல் போனது போனதுதான்.

அடுத்த மாசக் குழுக் கூட்டத்துல தீர்மான நோட்டு எழுதினதும் பத்து நிமிஷம் ஒதுக்குங்க. ஒவ்வொருத்தரும் போன தையிலேர்ந்து மாசாமாசம் வேலை கிடைச்ச நாளை ஒரு தாள்ல எழுதுங்க. எழுதத் தெரியாதவங்களுக்குப் பக்கத்துல இருக்கிறவங்க எழுதிக் கொடுங்க. என்கிட்ட வந்தா நானும் எழுதித் தர்றேன். யாரும் நோய் வந்த அன்னிக்கு இந்தக் கணக்கைப் போட வேண்டாம்.