பள்ளி மாணவரின் மொழித் தேர்ச்சியும் கல்லூரி மதிப்புப் புள்ளியும்

ஒரு மாணவர் எவ்வளவு கற்றுள்ளார் என்பதைக் காண, வகுப்பறையில் அவர் செலவிட்ட காலத்தையே அளவுகோலாகக் கொள்வது நெடுநாளைய வழக்கம். வகுப்பறைக்கு வெளியே பெற்ற தேர்ச்சியையும் சோதித்தறிந்து, பள்ளி மாணவருக்குக் கல்லூரிப் படிப்பின் மதிப்புப் புள்ளிகளை (கிரெடிட்) வழங்கலாம் என்னும் கருத்து இன்று வலுப்பெற்று வருகிறது. கேரளத்தின் இடுக்கி மாவட்டத்திலுள்ள பீர்மேடு வட்டத்திற்கு இக்கருத்து பெரிதும் பொருந்துவதாகும்.

பீர்மேட்டின் தேயிலைத் தோட்டங்களில் தலைமுறைகளாக உழைத்து வருவோரில் தமிழர் பெருந்தொகையினர். 1956இல் மாநிலங்கள் மொழிவழி அமைந்தபோது இவ்வட்டம் கேரளத்தில் அமைந்தது. இங்குள்ள லயங்களில் வளரும் குழந்தை வீட்டில் தமிழ் பேசுகிறது. கடைவீதியில் மலையாளம் பேசுகிறது. பள்ளியில் ஆங்கிலமும் பயில்கிறது. மேற்படிப்புக்குக் குட்டிக்கானம், கோட்டயம் செல்வோரும் உண்டு. குமுளி வழியாக மலையிறங்கி உத்தமபாளையம், மதுரை செல்வோரும் உண்டு. எத்திசையில் சென்றாலும், இம்மாணவரின் பன்மொழி ஆற்றல் கல்லூரியின் கணக்கில் சேர்வது அரிது.

பிற நாட்டு அனுபவம்

அமெரிக்காவில் 1955 முதல் நடைபெறும் உயர்நிலைத் தேர்வுகளில் நல்ல தகுதி பெறும் பள்ளி மாணவருக்குப் பல கல்லூரிகள் மதிப்புப் புள்ளி அளிக்கின்றன. வகுப்பில் பயிலாமலே தேர்வெழுதிப் புள்ளி பெறும் முறை 1967இல் வந்தது. மின்னசோட்டா மாநிலம் 2014இல் இயற்றிய சட்டம் இன்னும் ஒரு படி முன் சென்றது. இருமொழித் தேர்ச்சிச் சான்று பெற்ற பள்ளி மாணவருக்கு மாநிலக் கல்லூரிகள் மொழிப்பாடப் புள்ளி வழங்கவேண்டும் என அது விதித்தது. சோமாலி, மொங் முதலிய மொழிகளை வீட்டில் பேசும் குடியேறிகளின் பிள்ளைகளுக்கும் இதனால் வாய்ப்புக் கிட்டியது.

நம் நாட்டின் ஏற்பாடு

2020ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையைத் தொடர்ந்து, 2021இல் மதிப்புப் புள்ளி வங்கிக்கான விதிகள் வந்தன. 2023இல் வெளியான தேசிய மதிப்புப் புள்ளிச் சட்டகம் பள்ளிக் கல்வி, உயர்கல்வி, தொழிற்கல்வி மூன்றையும் ஒரே அளவைக்குள் கொணர்ந்தது. 30 மணி நேரக் கற்றலுக்கு ஒரு புள்ளி என்பது கணக்கு. மதிப்பீட்டில் தேறினால்தான் புள்ளி சேரும்.

இதில் ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. சட்டகத்தின்படி பன்னிரண்டாம் வகுப்பு நான்காம் நிலை. பட்டப் படிப்பின் முதலாண்டு நாலரை. பள்ளியில் பெற்ற மொழி மதிப்பெண்ணை அப்படியே கல்லூரிக்கு மாற்ற இயலாது. எனவே கல்லூரி நிலைக்கேற்ற தனித் தேர்ச்சித் தேர்வு இன்றியமையாததாகிறது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022ஆம் ஆண்டுப் பாடத்திட்ட வரைவு, மூன்றாண்டுப் பட்டத்திற்குரிய 120 புள்ளிகளில் 8 புள்ளிகளை மொழித்திறனை உள்ளடக்கிய படிப்புகளுக்கு ஒதுக்கியுள்ளது. இது 240 மணி நேரக் கற்றலுக்கு ஈடாகும். ஏற்கெனவே தேர்ச்சியுள்ள மாணவர் அந்நேரத்தைப் பொருளியலுக்கோ கணிதத்திற்கோ பயன்படுத்தலாம்.

செய்ய வேண்டுவன

பேச்சு, கேட்டல், வாசிப்பு, எழுத்து ஆகிய நான்கினையும் தனித்தனியே அளத்தல் வேண்டும். மலையாள வழியில் பயின்ற தோட்டத்துப் பிள்ளை தமிழைச் சரளமாகப் பேசினும் எழுதத் தடுமாறலாம். அத்தகையோரைத் தோல்வியுற்றவர் என ஒதுக்காமல், பேச்சுக்குரிய புள்ளியை அளித்து, எழுத்துக்கு மட்டும் குறுகிய பயிற்சி தரலாம். 1969இல் மைசூரில் நிறுவப்பட்ட இந்திய மொழிகளின் மைய நிறுவனம் போன்ற அமைப்பு வினாத்தாள்களின் தரத்தை உறுதிசெய்யலாம்.

தேர்வுக் கட்டணம், தேர்வு மையத்தின் தொலைவு ஆகியவை பெருந்தடைகளாகும். ஒரு நாள் கூலியை இழந்து கோட்டயம் வரை பிள்ளையை அழைத்துச் செல்லத் தோட்டத் தொழிலாளியால் எளிதில் இயலாது. ஆகவே வண்டிப்பெரியாறு, ஏலப்பாறை போன்ற இடங்களிலேயே கட்டணமின்றித் தேர்வு நடைபெறல் வேண்டும். இன்றேல், நகரத்து வசதி படைத்தோர்க்கே இத்திட்டம் பயன்படும்.

எல்லாவற்றினும் முதன்மையானது பல்கலைக்கழகங்களின் இசைவு. பீர்மேட்டில் பெற்ற புள்ளி கோட்டயத்தில் செல்லுபடியாகி மதுரையில் செல்லாமற்போனால், எல்லைப்புற மாணவருக்குப் பாதிப் பயனே கிட்டும். இரு மாநிலப் பல்கலைக்கழகங்களும் ஒரே மதிப்பீட்டை ஏற்கும் உடன்பாடு முதலில் தேவை. அது கைகூடின், இருமொழி வழங்கும் மலையில் பிறந்ததனால் வாய்த்த அறிவு அம்மாணவருக்குக் கல்லூரி வாயிலிலேயே கைகொடுக்கும்.